நாடாளுமன்றம் போன பிறகும் ஸ்காட்லாந்து எப்படித் தனி தேசமாகவே இருந்தது?

கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்தை இங்கிலாந்து போரிட்டுப் பிடிக்கவில்லை, 1707-ல் அவர்களே கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தார்கள். இன்று அங்கே பெரும்பாலோர் பேசுவதும் ஆங்கிலம்தான். அப்புறம் எதை வைத்துத் தங்களைத் தனி தேசம் என்கிறார்கள்? முந்நூறு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் விடுதலை கேட்கிறார்கள்?

கையெழுத்துப் போட்டுச் சேர்ந்ததால்தான் அவர்கள் தேசமாக மிஞ்சினார்கள் என்பது என் பதில். வாளால் பிடித்த நாட்டில் வென்றவன் வைத்ததே சட்டம். பேரம் பேசிச் சேர்ந்த நாடு எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்து கொடுத்தது நாடாளுமன்றத்தை. திருச்சபை, சட்டம், கல்வி மூன்றையும் கொடுக்கவில்லை. அடுத்த 200 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மூன்றுக்குள்தான் ஸ்காட்லாந்து குடியிருந்தது. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் அந்தப் பேரம். 1603-ல் இங்கிலாந்தின் எலிசபெத் ராணி வாரிசில்லாமல் இறந்தபோது ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். இங்கிலாந்தில் அவர் பெயர் முதலாம் ஜேம்ஸ். அரசர் ஒருவர், நாடாளுமன்றங்கள் இரண்டு, சட்டங்கள் இரண்டு. இந்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டு ஓடியது. அதன் கடைசியில்தான் டேரியன் விவகாரம் வந்தது. 1695-ல் தொடங்கிய ஒரு வணிகக் கம்பெனி, பனாமாவின் டேரியன் பகுதியில் ஒரு குடியேற்றம் அமைத்து இரு கடல்களுக்கும் இடையிலான வணிகத்தைக் கையில் எடுத்துவிடலாம் என்று இறங்கியது. பிரபுக்கள், வியாபாரிகள், விதவைகள், நகர சபைகள் என்று எல்லோரும் பங்கு வாங்க, 4 லட்சம் பவுண்டுக்குக் கையெழுத்து விழுந்தது. 1698-ல் முதல் கப்பல்கள் புறப்பட்டன. காய்ச்சலும் பட்டினியும் பாதிப் பேரைத் தின்றன. ஸ்பெயின் அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடியது. அதைப் பகைத்துக்கொள்ள விரும்பாத வில்லியம் அரசர், இவர்களுக்கு எந்த உதவியும் செய்யக்கூடாது என்று தன் ஆங்கிலேயக் குடியேற்றங்களுக்கு உத்தரவு போட்டார். கவனியுங்கள், அவர் ஸ்காட்லாந்துக்கும் அரசர்தான். 1700-ல் எல்லாம் முடிந்தது. போனவர்களில் சுமார் 2,000 பேர் திரும்பவில்லை.

ஒரே அரசர் என்றால் பெரிய நாட்டின் அரசர் என்றுதான் அர்த்தம் என்பதை அன்றைக்கு எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அப்படியானால் முழுதாகப் பிரிய வேண்டும், அல்லது முழுதாகச் சேர வேண்டும். வில்லியமுக்கு அடுத்துப் பட்டத்துக்கு வரவிருந்த ஆனுக்குப் பிள்ளைகள் தங்காததால், அடுத்த அரச வம்சத்தை ஸ்காட்லாந்தைக் கேட்காமலே இங்கிலாந்து 1701-ல் முடிவு செய்தது. நாங்கள் வேறு ஆளைத் தேர்ந்தெடுப்போம் என்று தலைநகர் எடின்பரோவில் இருந்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1705-ல் இங்கிலாந்து பதிலடி கொடுத்தது: சேர்க்கைப் பேச்சுக்கு வராவிட்டால் ஸ்காட்டியர்கள் அந்நியர்களாக நடத்தப்படுவார்கள், அவர்களுடைய மாடு, லினன், நிலக்கரி எதுவும் எல்லை தாண்டி வராது. ஸ்காட்லாந்து வெளியே விற்றதில் முக்கியமானவை இவைதான்.

லஞ்சம் கைமாறியதும் உண்மை. 20,000 பவுண்டு லண்டனிலிருந்து ரகசியமாக வந்து பங்கு போடப்பட்டது. இதுபோக 3,98,085 பவுண்டு வெளிப்படையாகவே ஒப்பந்தத்தில் இருந்தது. இங்கிலாந்தின் கடனில் ஸ்காட்லாந்தும் பங்கேற்பதற்கான ஈடு என்று அதற்குப் பெயர். டேரியனில் பணம் போட்டவர்களுக்கு வட்டியோடு திரும்பியதும் அதிலிருந்துதான். வாக்களிக்கும் உறுப்பினர்கள் பலருக்கு அந்தப் பங்குகள் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் தங்கத்துக்கு விலைபோன கயவர் கூட்டம் என்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிற்பாடு பாடியது இவர்களைத்தான். அக்டோபர் 1706-ல் எடின்பரோவில் கூட்டம் கூடி, சேர்க்கையை ஆதரித்த பேட்ரிக் ஜான்ஸ்டனின் வீட்டைத் தாக்கியது. ராபின்சன் குரூசோ கதையை எழுதிய டேனியல் டீஃபோ அப்போது அந்த ஊரில் வியாபாரி வேஷத்தில் இருந்து இங்கிலாந்துக்கு உளவு எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் லஞ்சத்தோடு கதையை முடித்துவிடுவது சோம்பேறித்தனம். பிரபுக்களை விலைக்கு வாங்கலாம், ஊருக்கு ஊர் இருந்த பிரஸ்பிட்டேரியன் போதகர்களை, அதாவது பிஷப் இல்லாமல் மூப்பர்கள் நடத்தும் சபையின் போதகர்களை, வாங்க முடியாது. பிஷப்புகளும் அரசரும் தலைமை தாங்கும் ஆங்கிலேயத் திருச்சபை நம் தலையில் வந்து உட்காரும் என்பதுதான் அவர்கள் பயம். நவம்பர் 1706-ல், ஸ்காட்லாந்துத் திருச்சபை என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று தனிச் சட்டம் போட்டு அதையும் சேர்க்கையின் நிபந்தனையாக்கிய பிறகுதான் பிரசங்க மேடைகளில் சூடு தணிந்தது. சட்டத்துக்கும் அதே பாதுகாப்பு: தலைமை உரிமையியல் நீதிமன்றம் எடின்பரோவிலேயே தொடரும், தனிமனித உரிமை பற்றிய சட்டங்களை ஸ்காட்லாந்து மக்களின் வெளிப்படையான நன்மைக்கு அல்லாமல் மாற்றக்கூடாது. 1707 மே 1-ல் சேர்க்கை நடைமுறைக்கு வந்தது. லண்டனில் ஸ்காட்லாந்துக்கு 45 மக்களவை உறுப்பினர்கள், 16 பிரபுக்கள்.

இதை அன்றைய சாதாரண மனிதனின் இடத்திலிருந்து பாருங்கள். 1750-ல் ஃபைஃப் பகுதியில் ஒரு நெசவாளர் இருக்கிறார். அவர் பிள்ளை படிப்பது ஊர்த் திருச்சபைப் பள்ளியில். ஒவ்வொரு வட்டத்திலும் பள்ளி வேண்டும் என்று 1696-லேயே எடின்பரோ சட்டம் போட்டிருந்தது. வறுமை வந்தால் கை நீட்டுவது சபை மூப்பர்களிடம். கல்யாணத்துக்கு முன் குழந்தை பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நிற்க வைத்துக் கண்டிப்பதும் அவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு என்றால் ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஷெரிஃப் நீதிமன்றம். பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் கல்லூரிக்குப் போகலாம்: இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் இரண்டே இருந்த காலத்தில், அபர்டீனில் மட்டும் இரண்டையும் சேர்த்து ஸ்காட்லாந்தில் ஐந்து. லண்டன் என்பது அவருக்கு மதுவுக்கும் உப்புக்கும் வரி போடும் ஒரு தொலைதூர அலுவலகம். அந்த வரியிலும் பிரச்சினை வராமல் இல்லை. பீர் காய்ச்சப் பயன்படும் மால்ட் தானியத்தின் மீதான வரியால் எழுந்த கோபத்தில் 1713-லேயே சேர்க்கையைக் கலைக்கும் தீர்மானம் லண்டன் பிரபுக்கள் அவைக்கு வந்து நான்கே ஓட்டில் தோற்றது.

எடின்பரோவில் பழைய நாடாளுமன்றக் கட்டடம் இன்னும் இருக்கிறது. மரக் கூரை போட்ட அந்தப் பெரிய மண்டபத்தில் உறுப்பினர்கள் போனபின் வக்கீல்கள் வந்தார்கள். இன்றும் கட்சிக்காரரோடு மண்டபத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே தாழ்ந்த குரலில் வழக்குப் பேசுவது அங்கே வழக்கம்.

சரி, அமைப்புகள் இருந்தன. அரசியல் சிந்தனை என்ன?

அதிகாரம் கடைசியில் யாருடையது என்பதுதான் ஸ்காட்லாந்துச் சிந்தனையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. 1314-ல் பேனக்பர்னில் ஆங்கிலேயப் படையை முறியடித்த ராபர்ட் புரூஸை அரசராகப் போப் ஏற்கவில்லை. அதனால் 1320 ஏப்ரல் 6 தேதியிட்டு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் லத்தீனில் போப்புக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். ஆர்புரோத் சாசனம் என்று இப்போது அழைக்கப்படுவது அதுதான். நூறு பேர் உயிரோடு இருக்கும்வரை ஆங்கிலேய ஆட்சிக்குப் பணிய மாட்டோம் என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய வரி: எங்கள் அரசர் ராபர்ட்டே எங்களை ஆங்கிலேயருக்குக் கீழ்ப்படுத்த முயன்றால், அவரைப் பகைவராக விரட்டிவிட்டு வேறு அரசரை வைத்துக்கொள்வோம். புரூஸின் தரப்பே புரூஸைப் பற்றி எழுதியது இது.

1567-ல் மேரி ராணியை உண்மையிலேயே இறக்கிவிட்டார்கள். அதை நியாயப்படுத்தி ஜார்ஜ் புக்கானன் 1579-ல் ஒரு நூல் வெளியிட்டார்: அரசரை உண்டாக்குவது மக்கள், சட்டத்துக்குக் கட்டுப்படாத அரசரை நீக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. புக்கானனின் மாணவர் யார் தெரியுமா? மேரியின் மகன், சிறுவன் ஆறாம் ஜேம்ஸ். வாத்தியார் பிரம்பைத் தாராளமாகப் பயன்படுத்தியவர். பையன் வளர்ந்து, அரசன் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவன் என்று நேர் எதிராக ஒரு நூல் எழுதினான். 1584-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் புக்கானனின் நூலைக் கண்டித்தது. 1683-ல் ஆக்ஸ்போர்டில் அதை எரித்தார்கள். ஆனாலும் கருத்து சாகவில்லை. இரு நாடுகளுக்கும் அரசராக இருந்த ஏழாம் ஜேம்ஸ் 1688-ல் ஓடிப்போன பிறகு, அவர் தாமாகப் பதவி துறந்துவிட்டார் என்று ஆங்கிலேயர்கள் நாசூக்காகச் சொன்னார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பூசி மெழுகவில்லை: தப்பு செய்தார், உரிமையை இழந்தார் என்று எழுதினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மணிகளைக் கோத்து, ஸ்காட்லாந்து 1320-லிருந்தே மக்களாட்சி நாடு என்று சொல்லும் மேடைப் பேச்சுகள் நிறைய உண்டு. நம்பாதீர்கள். 1320-ல் முத்திரை வைத்தவர்கள் பிரபுக்கள். உழவனைக் கேட்டு எழுதவில்லை. அந்தக் கடிதத்தின் இன்றைய புகழில் பெரும்பகுதி 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. 1638-ல் எடின்பரோ கிரேஃபிரையர்ஸ் சபையில் தொடங்கி நாடெங்கும் கையெழுத்தான தேசிய உடன்படிக்கை அரசரை எதிர்த்ததுதான், ஆனால் அது கேட்டது மதத்தின் பெயரால். கையெழுத்துப் போட மறுத்த அண்டை வீட்டாரை அது சும்மா விடவில்லை. மரபு என்பது பின்னால் வருபவர்கள் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுப்பது. ஆனால் தேர்ந்தெடுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே, அது இவர்களிடம் இருந்தது.

18-ம் நூற்றாண்டின் பெரிய தலைகள் இந்தப் பழைய கதைகளை மதிக்கவில்லை என்பதும் வேடிக்கை. டேவிட் ஹியூமும் ஆடம் ஸ்மித்தும் சேர்க்கையின் ஆதரவாளர்கள். அரசும் மக்களும் ஆதியில் ஒப்பந்தம் போட்டார்கள் என்பதை ஹியூம் கட்டுக்கதையாகவே பார்த்தார். பெரும்பாலான அரசுகள் வன்முறையிலோ அபகரிப்பிலோ பிறந்தவை, பழக்கத்தால் நிலைப்பவை என்றார். தன் எழுத்தில் ஸ்காட்லாந்து வாடை வந்துவிடக் கூடாது என்று தவிர்க்க வேண்டிய சொற்களுக்குப் பட்டியலே போட்டவர் அவர். ஆனால் இவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். அரசனோ நாடாளுமன்றமோ சொல்லாமலே சமூகம் எப்படி ஒழுங்காக நடக்கிறது? வணிகம் மனிதர்களின் நடத்தையை எப்படி மாற்றுகிறது? தலைநகரில் அரசு இல்லாமல், நீதிமன்றமும் சபையும் கல்லூரியும் மட்டுமே இருந்த ஊரில் இருந்துகொண்டு சிந்தித்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் வந்ததில் ஆச்சரியமில்லை. இதை ஓர் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. பாரிஸிலும் இதே கேள்விகள் ஓடின. இருந்தாலும் ஆடம் ஃபெர்குசன் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேலிக் மொழி பேசும் மலைப்பகுதி ஓரத்தில் பிறந்து, மலைநாட்டுப் படைப்பிரிவில் போதகராக இருந்து, பிறகு எடின்பரோவில் பேராசிரியரானவர் அவர். 1757-ல் இங்கிலாந்துக்கு மட்டும் ஊர்க்காவல் படை அமைக்கச் சட்டம் வந்து, கலகக்காரர்கள் என்ற சந்தேகத்தில் ஸ்காட்லாந்து விடப்பட்டபோது கொதித்தவர். பணம் பெருகப் பெருகப் பொதுக் காரியத்தில் குடிமகனின் பங்கு சுருங்கும், அங்கே சர்வாதிகாரம் நுழையும் என்று 1767-ல் எழுதியவரும் அவரே.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் 1745 கலகம். பட்டம் இழந்த ஏழாம் ஜேம்ஸின் வம்சத்துக்காக எழுந்த மலைநாட்டுப் படை 1746 ஏப்ரல் 16-ல் கலோடனில் அழிந்தது. அதை ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த போர் என்று சினிமாத்தனமாகச் சொல்வது தப்பு. அரசுப் படையிலும் ஸ்காட்டியர்கள் ஏராளம். தோற்ற மலைநாட்டு ஆண்கள் தங்கள் கட்டம்போட்ட உடையை அணியச் சட்டம் தடை விதித்தது. தடை 1782-ல் நீங்கியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் அரசர் எடின்பரோ வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில், அரசரே அந்த உடையில் நின்றார். மலைநாட்டாரைக் காட்டுமிராண்டிகள் என்று ஏளனம் செய்துவந்த சமவெளிக் கனவான்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் மலைநாட்டாராகிவிட்டார்கள். அதே காலத்தில் சதர்லாந்துப் பள்ளத்தாக்குகளில் நிஜமான மலைநாட்டுக் குடும்பங்களை ஆட்டுப் பண்ணைகளுக்காக வெளியேற்றும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. இன்று விமான நிலையக் கடைகளில் விற்கும் ஸ்காட்லாந்து பெரும்பாலும் இந்த 1822 தயாரிப்புதான்.

ஆனால் ஸ்காட்டை வெறும் ஜோடனைக்காரர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1826-ல் ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளை வங்கிகள் வெளியிடக் கூடாது என்று லண்டன் சொன்னபோது, புனைபெயரில் கடிதங்கள் எழுதிப் பெரிய எதிர்ப்பைக் கிளப்பி, ஸ்காட்லாந்துக்கு விலக்கு வாங்கிக் கொடுத்தார். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டில் இன்றும் அவர் முகம் இருப்பது சும்மா இல்லை. சேர்க்கையை மனதார ஆதரித்தவர். அதே சேர்க்கையின் பெயரால், எங்கள் விஷயத்தில் கை வைக்காதே என்றவர். 19-ம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தேசியம் என்பது அநேகமாக இதுதான்.

பிரிவினை ஏன் எழவில்லை என்றால், பேரரசில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு பெரிது. மெட்ராஸ் கவர்னராக இருந்து விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்வாரி முறையை நிலைநாட்டிய தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். நம் ஊர்ச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி லூயிஸ் தீவில் பிறந்தவர். இலங்கையில் 1867-ல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. அந்தத் தொழிலைச் சுமந்த தமிழ்க் கூலிகளின் கதை தனி. கிளாஸ்கோ செல்வத்தில் புகையிலையும் சர்க்கரையும், அதாவது அடிமை உழைப்பும், இருக்கிறது. பேரரசுக்கு அடிமைப்பட்ட நாடு என்று ஸ்காட்லாந்தைச் சொல்பவர்கள் இதையெல்லாம் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

19-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய தேசியப் போராட்டம் தேர்தலில் நடக்கவில்லை, திருச்சபையில் நடந்தது. போதகரை நியமிக்கும் உரிமையை நிலப்பிரபுக்களிடம் கொடுத்து லண்டன் 1712-ல் சட்டம் போட்டிருந்தது. சேர்க்கை ஒப்பந்தத்தையே மீறிய சட்டம் என்பது சபையின் நெடுநாள் புகார். நீதிமன்றங்களும் பிரபுக்கள் பக்கம் நின்றதும், 1843 மே 18-ல் எடின்பரோவில் சபையின் பொதுப் பேரவை கூடியபோது, தலைவராக இருந்த டேவிட் வெல்ஷ் ஒரு கண்டன அறிக்கையை வாசித்து, மேசைமேல் வைத்து, அரசப் பிரதிநிதிக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பின்னாலேயே இந்த எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய தாமஸ் சால்மர்ஸும் மற்றவர்களும் வரிசையாக நடந்தார்கள். சுமார் 1,200 போதகர்களில் 450-க்கும் மேற்பட்டவர்கள் வீடு, சம்பளம், கோயில் மூன்றையும் விட்டு வெளியேறித் தனிச் சபை கண்டார்கள். இதன் அலை மெட்ராஸ் வரை வந்தது: ஜான் ஆண்டர்சன் 1837-ல் இங்கே தொடங்கிய பள்ளி பிரிந்தவர்கள் பக்கம் போனது. அந்தப் பள்ளி வளர்ந்துதான் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம். ஏன் 20-ம் நூற்றாண்டில்?

அரசாங்கம் சின்னதாக இருந்தவரை சபையும் சட்டமும் பள்ளியும் போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மருத்துவம், வீடு, நிலக்கரி, ரயில், ஓய்வூதியம் எல்லாம் அரசின் கைக்குப் போயின. வாழ்க்கையைத் தொடும் முடிவுகள் லண்டனில் எடுக்கப்பட்டன. பேரரசு கரைந்தது, கப்பல் கட்டும் தளங்கள் மூடின, கோயிலுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். 1707-ல் காப்பாற்றியவை இனி போதாது என்றானபோது, அன்று விட்டுக்கொடுத்ததன் மேல் கண் போனது. விடுதலைக் குரலின் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன். வடகடல் எண்ணெய் பிறகு வந்தது.

அந்த மாற்றத்தின் தொடக்கத்தில் ஒரு தபால் பெட்டி நிற்கிறது. புதிய ராணி எலிசபெத் இரண்டாமவர் என்று பொறித்த பெட்டி எடின்பரோவின் இஞ்ச் குடியிருப்பில் வைக்கப்பட்டது. முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை, அப்புறம் எப்படி இரண்டாமவர்? 1953 பிப்ரவரியில் யாரோ அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் பிறகு ஸ்காட்லாந்தில் புதிதாக வைத்த பெட்டிகளில் பெயருக்குப் பதில் ஸ்காட்லாந்துக் கிரீடம்தான். இதே விஷயத்தைத் தேசியவாதி வக்கீல் ஜான் மக்கார்மிக் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோனார். தோற்றார். ஆனால் தீர்ப்பில் கூப்பர் பிரபு போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: நாடாளுமன்றத்தின் எல்லையற்ற இறையாண்மை என்பது இங்கிலாந்துக் கொள்கை, ஸ்காட்லாந்து அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு இணை கிடையாது. வழக்கு முடிவை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இந்த வாக்கியத்தை யாரும் மறக்கவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1934-ல் உருவான ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி வெகுகாலம் சின்னக் கட்சி. வடகடல் எண்ணெய் கிடைத்த பின் 1974 அக்டோபரில் 11 இடங்கள் பிடித்தது. தனி மன்றத்துக்காக 1979-ல் நடந்த வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் ஆதரவு. ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் தோற்றது. 1987-ல் பிரதமர் தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஸ்காட்லாந்தின் 72 இடங்களில் கிடைத்தது 10. அதை வைத்துக்கொண்டு, தலைக்கு இவ்வளவு என்ற உள்ளாட்சி வரியை இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்பாகவே 1989-ல் ஸ்காட்லாந்தில் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால், விடுதலைக்காரர்களின் எல்லாப் பிரசுரங்களையும்விட இந்த வரி செய்த பிரசாரம் அதிகம். அதே ஆண்டு மற்ற கட்சிகளும் சபைகளும் தொழிற்சங்கங்களும் கூடி, தங்கள் ஆட்சிமுறையைத் தீர்மானிக்கும் உரிமை ஸ்காட்லாந்து மக்களுடையது என்று கையெழுத்திட்டார்கள். விடுதலை கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அதில் சேரவே இல்லை என்பதை மறக்கக் கூடாது. கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் பிரிவினை வேண்டாதவர்கள். 1997-ல் 74.3 சதவீதம் ஆதரவோடு தனி நாடாளுமன்றம் தேறியது. 1999 மே 12-ல் மூத்த உறுப்பினர் வின்னி யூயிங், 1707 மார்ச் 25-ல் ஒத்திவைக்கப்பட்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மீண்டும் கூடுகிறது என்று அறிவித்தார். சட்டப்படி அது முற்றிலும் புதிய மன்றம், லண்டன் சட்டத்தில் பிறந்தது. அவருக்கும் அது தெரியும்.

2014 வாக்கெடுப்பில் யாருக்கு ஓட்டு என்பதைப் பார்த்தாலே இந்தத் தேசியத்தின் தன்மை தெரியும். எடின்பரோவில் குடியிருந்த போலந்துக்காரருக்கும் இந்தியருக்கும் ஓட்டு இருந்தது. கிளாஸ்கோவில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவருக்கு இல்லை. 16 வயதானவர்களுக்கும் இருந்தது. 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 55.3 சதவீதம் பிரிய வேண்டாம் என்றார்கள். இரண்டு ஆண்டுகளில் பிரெக்ஸிட் வந்தது. ஐரோப்பாவில் இருக்க வேண்டும் என்று 62 சதவீதம் வாக்களித்த ஸ்காட்லாந்தும் சேர்ந்தே வெளியே போனது.

இன்னொரு வாக்கெடுப்பை எடின்பரோவே நடத்தலாமா என்ற வழக்கில், 2022 நவம்பர் 23-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் முடியாது என்றார்கள். இரு நாடுகளின் சேர்க்கை பற்றிய விஷயம் தனி நாடாளுமன்றத்தை உருவாக்கிய 1998 சட்டத்தில் லண்டனுக்கென ஒதுக்கப்பட்டது என்பது காரணம். தீர்ப்பை வாசித்த ரீட் பிரபு எடின்பரோக்காரர், ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஊறியவர். வட அயர்லாந்து பிரிய விரும்பினால் அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. 2012-ல் பிரிட்டிஷ் பிரதமர் கேமரனும் ஸ்காட்லாந்து முதலமைச்சர் சால்மண்டும் எடின்பரோவில் உட்கார்ந்து கையெழுத்திட்டது போல லண்டன் சம்மதித்து அதிகாரம் கொடுத்தால் உண்டு. அதைக் கேட்டபோது 2017-ல் பிரதமர் தெரேசா மே, இது அதற்கான நேரமில்லை என்றார். 2020-ல் போரிஸ் ஜான்சன் முடியாது என்றே எழுதிவிட்டார்.